இடப்பக்கம் பழுது

ஒரு குடும்பத்தின் சாயந்தரங்கள் அத்தனைக்கும் விலை முந்நூறு ரூபாய். அதிலும் ஒரு நூறு ரூபாய்த் தாள் மூலை கிழிந்தது. சந்தையில் ஒருவரும் வாங்காமல் பஞ்சலிங்கத்தின் கடை மேசை லாச்சிக்குள் மாதக்கணக்காகக் கிடந்தது. இரண்டு நல்ல தாள்களுக்கு நடுவில் வைத்து மடித்துக் கொடுத்ததில் அதுவும் போய்ச் சேர்ந்தது. யாவாரி வீட்டில் பிறந்த கைக்கு இதையெல்லாம் யாரும் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மனம் ஒரு பக்கம் அழுதுகொண்டிருந்தாலும் கை தன்பாட்டில் தன் வேலையைப் பார்க்கும்.

அந்த முந்நூறு ரூபாய்க்கு வந்த ஸ்ரீரியோ செற், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பஞ்சலிங்கத்தின் வீட்டு மண்டபத்து மூலையில், பழைய சேலை ஒன்றால் மூடியபடி ஒன்றரை வருடமாகக் கிடந்தது. தேக்கு மரப் பெட்டி. மேலே இசைத்தட்டுச் சுழலும் மேடை. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், முகத்தில் மண்ணிறத் துணி போர்த்தியவை. அறுபதுகளில் கப்பலில் வந்த சாமான். ஊரில் மின்சாரம் நின்று இரண்டு வருடம் ஆகப் போகிறது. ஆகவே அது மூடிக் கிடந்ததற்கு எல்லோரும் நம்பக்கூடிய நல்ல காரணம் இருந்தது. அந்தக் காரணம் இல்லாவிட்டாலும் பஞ்சலிங்கம் அதைத் திறந்திருக்க மாட்டார் என்பது பஞ்சலிங்கத்துக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

திறக்க வைத்தது மகள் கனகாம்பிகை. கல்யாணமாகி வெகுகாலம் கோயில் கோயிலாக அலைந்த பிறகு பிறந்த ஒரே பிள்ளை. அளவெட்டியிலிருந்து ஷெல்லுக்குப் பயந்து வந்து பக்கத்து ஒழுங்கையில் குடியேறியிருந்த சங்கீதக்காரர் ஒருவர், அவள் கிணற்றடியில் பாடியதை வேலிக்கு அப்பால் கேட்டுவிட்டு, பங்குனி உத்தரத்துக்குக் கோயிலில் இந்தப் பிள்ளை பாடத்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பெட்டியோடு வந்த இசைத்தட்டுகளைக் கேட்டுப் பழகினால் இன்னும் நல்லது என்றார். பஞ்சலிங்கம் தன் ஆயுளில் விலை பேசாமல் பெற்றுக்கொண்டது அந்தக் குரல் ஒன்றைத்தான். அது பாடும்போது கடைக் கணக்கு மறந்துபோகும். மறந்துபோனதைப் பற்றிக் கவலையும் வராது.

மாசி மாதத்தில் ஒரு நாள், பின்னேரத்துக்கு மட்டும் என்று உழவு இயந்திரப் பற்றறி ஒன்றை இரவல் வாங்கி வந்து, சேலையை உருவிவிட்டு, வயர்களைக் கொழுவினார். தட்டு சுழன்றது. வலது பெட்டி நாதஸ்வரமாய்ப் பொழிந்தது. இடது பெட்டி வாயே திறக்கவில்லை.

பஞ்சலிங்கம் குனிந்து இடப்பக்க வயரைப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. உருவி, வேட்டித் தலைப்பால் துடைத்து, மறுபடி கொழுவினார். ஒன்றும் இல்லை.

"உதுக்கேன் இவ்வளவு பாடு?" என்றாள் மனைவி குணலட்சுமி, சுளகில் அரிசி புடைத்தபடி. "இடப்பக்கம் பழுதெண்டு வாங்கின அண்டைக்கே சொன்னனீங்கள்தானே. அதாலைதான் மலிவாக் கிடைச்சதெண்டு."

"ஓம்," என்றார் பஞ்சலிங்கம். "பழுதுதான்."

சொன்னபிறகு நாக்கில் ஒரு செம்புச் சுவை தங்கிவிட்டது. சோறு தின்றும் அது போகவில்லை.

மறுநாள் மத்தியானம். பலாலிப் பக்கம் எப்போதோ ஒருமுறை விழுகிற வெடிச்சத்தத்தைத் தவிர ஊரில் ஒரு அசுமாத்தமும் இல்லை. ஓட்டுக்கூரையின் சூடு இறங்கி இறங்கி மண்டபத்தின் சீமெந்துத் தரையில் மட்டும் கொஞ்சம் குளிர்ச்சி மிஞ்சியிருக்க, அதில் மேல்சட்டையில்லாமல் படுத்து, குணலட்சுமியின் சீரான மூச்சையும் வெளியே காகம் கிடுகு வேலியைக் கொத்துவதையும் அரைத்தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த பஞ்சலிங்கத்துக்கு, அந்தச் சத்தங்களுக்கு நடுவில் இன்னொரு சத்தம் கொஞ்ச நேரமாகவே கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது மெல்லத்தான் உறைத்தது. கண்ணாடித் தம்ளரில் கரண்டியால் சீனி கலக்குகிற சத்தம். கிணிங், கிணிங் என்று, அவசரமில்லாமல், இருந்து அனுபவிக்கப்போகிறவன் கலக்குவதுபோல.

அந்த வீட்டில் சீனியைக் கண்ணால் கண்டே மாதக்கணக்கு.

எழுந்து போய்ச் சமையலறையைப் பார்த்தார். ஒருவரும் இல்லை. திரும்பி வந்தால் சத்தம் மண்டபத்து மூலையில் இருந்தது. இரவல் பற்றறி திரும்பிப் போய்விட்டது. வயர்கள் நிலத்தில் கிடந்தன. இடது பெட்டிக்குக் கிட்டப் போய்க் குந்தினார். மண்ணிறத் துணியிலிருந்து இரும்புத் துருவும் அத்தரும் கலந்த வாசனை வந்தது. கரண்டி நின்றது. யாரோ ஒரு வாய் குடித்து, தம்ளரை மேசையில் வைத்தார்கள்.

பஞ்சலிங்கம் பெட்டியை மறுபடி சேலையால் மூடினார். எலி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தேத்தண்ணி குடிக்கிற எலி.

திருத்துகிறவன் என்றால் அப்போது திருநெல்வேலியில் கிறகோரிதான். குருநகர் ஆள், கடற்கரையில் குண்டு விழத் தொடங்கியதும் வீட்டை விட்டுவிட்டு, சைக்கிள் ரயர் ஒட்டுகிற கடையொன்றின் பின்பக்கத்து ஒத்தாப்புத் தாழ்வாரத்தில் மேசை போட்டிருந்தார். பற்றறிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு என்ற அந்த நாட்களில், சைக்கிள் டைனமோவை வைத்து எதையும் பாட வைப்பார் என்று பெயர். வாயும் ஓயாது.

தள்ளுவண்டியில் வந்து இறங்கிய பெட்டியைக் கண்டதும் கிறகோரி பீடியை அணைத்தார். "கப்பல்லை வந்த சாமான், முதலாளி. உங்களையும் என்னையும் விடக் கூடத் தேசம் பாத்தது. இடப்பக்கத்தைப் பாத்து, டைனமோவும் பூட்டித் தர அறுநூறு."

"முந்நூறு," என்றார் பஞ்சலிங்கம்.

"முந்நூறு எண்டிற சொல்லை உங்கடை அப்பர் தொட்டில்லை வைச்சே சொல்லித் தந்தவரோ? சரி, பிறகு கதைப்பம். கிட்ட வாங்கோ."

"நான் இஞ்சை இருக்கிறன், அண்ணை. நீங்கள் பாருங்கோ."

"இல்லையில்லை. உடைமைக்காரன் பக்கத்திலை நிக்காமல் நான் மூடி திறக்கிறேல்லை. பிறகு நல்லதைக் கழட்டிப்போட்டு ஊத்தையைப் போட்டிட்டான் கிறகோரி எண்டு சந்தை முழுக்கச் சொல்லுவியள். நான் தொட்டுக் காட்டக் காட்ட நீங்கள் 'என்ரை' எண்டு சொல்லவேணும். சொன்னாத்தான் வேலை."

அது அவருடைய வழக்கம். ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கும். கிறகோரி ஆணி கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே இருந்து அந்த வாசனை எழுந்தது, துருவும் அத்தரும். திருகாணிச் சாவியின் நுனி ஒவ்வொன்றாகத் தொட்டது.

"இந்த மோட்டர்?"

"என்ரை."

"இந்த வயர்க் கட்டு?"

"என்ரை."

"தட்டு, ஊசி, கை?"

"என்ரை." ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் கொஞ்சம் சிறுத்துக்கொண்டு வந்தது.

சாவி ஓரிடத்தில் நின்றது. கிறகோரி குனிந்தார். ஈயம் வைத்து ஒட்டிய ஒரு பொட்டு, வெள்ளி மாதிரி மினுங்கியது. "இது உங்கடை இல்லை, முதலாளி," என்றார். "இது என்ரை. இப்பிடி வால் விடாமல் ஈயம் வைக்கிற ஆள் இந்தப் பக்கத்திலை நான் ஒருத்தன்தான். கறன்ற் நிண்ட கையோடை லொறிப் பற்றறியிலை பாடுற மாதிரி மாத்திக் குடுத்தனான்." நிமிர்ந்தார். முகத்தில் பகிடி இல்லை. "மீரான் நானாவின்ரை செற்."

ரயர்க் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவுக்கு எடுத்தனீங்கள்?"

எந்தச் சாமானுக்கும் வாங்கின விலை, விற்கிற விலை, பக்கத்துக் கடைக்காரன் விலை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய பஞ்சலிங்கம் அந்த இடத்தில் குனிந்து வண்டிக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். கிறகோரி இரண்டாவது தரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கிறகோரி வேலையைத் தொடங்கினார். இடது பெட்டியை வலப்பக்கத்து வயரில் கொழுவினார், பாடியது. வலது பெட்டியை இடப்பக்கத்தில் கொழுவினார், அதுவும் பாடியது. இடதை இடப்பக்கத்திலேயே கொழுவினார். இல்லை. மறுபடியும் மாற்றினார். மறுபடியும் அதே. "பழுதே இல்லை, முதலாளி. ஆர் சொன்னது இதைப் பழுதெண்டு?"

யார் சொன்னது.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் கடைசி. சோனகத் தெரு முஸ்லிம் சனம் முழுவதும் மத்தியானத்துக்குள் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று இயக்கக்காரர்கள் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். கேள்விப்பட்டதும் பஞ்சலிங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடியது உண்மையாகவே பதைத்துப்போய்த்தான். வழியில் பிள்ளைகள் தின்னட்டும் என்று கையில் இரண்டு றாத்தல் பாணும் இருந்தது. எண்பத்தேழில் கடை எரிந்து நடுத்தெருவில் நின்றபோது தராசும் படிக்கற்களும் தூக்கிக் கொடுத்து, "காசு பிறகு பாப்பம், தம்பி," என்று அனுப்பியவர் இரும்புக் கடை மீரான் நானா. போனால், வீடெல்லாம் பாதி கட்டிய மூட்டைகள். குழந்தை ஒன்று அழுதுகொண்டிருந்தது. வாசலில் துவக்கோடு ஒருவன் நின்றான். நானா அவருடைய கையைப் பிடித்து மூலைக்குக் கூட்டிப் போனார். "தம்பி, மற்றதெல்லாம் ஆரும் எடுக்கட்டும். பின்னேரத்திலை தேத்தண்ணியோடை வீடு முழுக்க இருந்து கேட்ட இந்தச் செற்றை மட்டும் தெரிஞ்ச ஆளிட்டைக் குடுத்திட்டுப் போறன். ஆயிரம் தா. வழியிலை பிள்ளையளுக்கு ஏதும் வாங்கவேணும்."

ஆயிரம் ரூபாய் பஞ்சலிங்கத்தின் மடியில் இருந்தது. அதற்கு மேலும் இருந்தது.

"போட்டுக் காட்டுங்கோ, பாப்பம்," என்று வாய் சொன்னது.

நானா லொறிப் பற்றறியைக் கொழுவி, குனிந்து, ஊசியைத் தட்டில் வைத்தார். அந்த ஒரு கணத்தில் பஞ்சலிங்கத்தின் பெருவிரல் இடது பெட்டியின் பின்பக்கமாகப் போய் வயரை டிக்கென்று உருவிவிட்டது. தகப்பன் தியாகராசா பழைய றேடியோ வாங்கப் போகிற இடமெல்லாம் செய்கிற வேலை. வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டாமென்றும் விடவில்லை.

"நானா, இடப்பக்கம் பழுது."

"நேற்றும் பாடினதே, தம்பி." நானா பெட்டியைத் தட்டிப் பார்த்தார். குனிந்து பார்க்க நேரமில்லை. எண்ணூறு என்றார். பிறகு ஐந்நூறு என்றார். "கூடக் கொண்டுபோனா வழியிலை பறிச்சுப்போடுவாங்கள், நானா. முந்நூறு." அது உண்மையும்கூட; அதுதான் அதிலுள்ள கேவலம். முந்நூற்றுக்கு மீரான் நானா ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். விலை சொன்ன பிறகு எதிர்ப்பக்கம் வாய் திறக்காவிட்டால் பேரம் முடிந்தது என்பது சந்தை வழக்கு. பஞ்சலிங்கம் மூன்று தாள்களையும் மடித்து இடது பெட்டியின் மேல் வைத்து, "சரி, நானா," என்றார். வயரை வீட்டுக்கு வந்துதான் திரும்பக் கொழுவினார்.

"முதலாளி." கிறகோரி பெட்டித் துணியில் காதை வைத்துக்கொண்டு நின்றார். தட்டு சுழன்றுகொண்டிருந்தது. "உங்கடை வீட்டு மண்டபம் பெரிசோ?"

"இல்லை. ஏன்?"

"உள்ளை ஒரு எதிரொலி கேக்குது. பாட்டு இதுக்குள்ளை போகுது, ஆனா இஞ்சாலை வரேல்லை. வேறை எங்கேயோ போய்ப் பாடுது. பெரிய வீடு. மேசை கதிரை ஒண்டும் இல்லை. சாமான் எல்லாம் எடுத்துப்போட்ட வீட்டுக்கை நிண்டு கதைச்சா வருமே, அந்த மாதிரி." காதை எடுத்தார். சிலுவை போட்டுக்கொண்டார், பகிடிக்காரர் அதைப் பகிடியாகச் செய்யவில்லை.

பஞ்சலிங்கத்தின் சைக்கிளில் டைனமோ இரண்டை ஒரே சில்லில் பூட்டி, வயரும் இழுத்துக் கொடுத்தார். காசை நீட்டியபோது வாங்கவில்லை. "நானா புது ஊசிக்கு முற்காசு தந்தவர். ஊசி வரமுந்தி அவர் ஊரை விட்டுப் போயிட்டார். அதிலை கழிச்சுக்கொள்ளுறன்." வண்டிக்காரனுக்குக் கயிறு கட்ட உதவி செய்தபடி, பஞ்சலிங்கத்தைப் பாராமல் சொன்னார்: "அவரின்ரை கணக்கிலை."

அன்று பின்னேரம் சைக்கிளை இரட்டைக்கால் ஸ்ராண்டில் ஏற்றிவிட்டுப் பஞ்சலிங்கம் மிதித்தார். கனகாம்பிகை பெட்டிகளுக்கு முன்னால் சம்மணம் கட்டி உட்கார்ந்தாள். வலது பெட்டி கல்யாணி பாடியது. அவளும் கூடவே பாடினாள். டைனமோ சில்லில் உரசுகிற இரைச்சலுக்கு மேலால் அந்தக் குரல் எழுந்தபோது, கிறகோரி சொன்னதெல்லாம் காசு வாங்காதவன் சொன்ன கதை என்று விட்டுவிடலாம்போல இருந்தது.

"அப்பா," என்றாள் அவள், பாட்டை நிறுத்தி. "இடப்பக்கமும் வேலை செய்யுது."

பஞ்சலிங்கத்தின் கால் தடுமாறியது.

"பாட்டில்லை. ஆரோ வீடு கூட்டுகினம்."

விளக்குமாறு சீமெந்தில் இழுபடுகிற சத்தம். பிறகு செருப்புச் சத்தம் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போனது. கதவு திறந்தது. மூடியது. எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த வெறும் வீட்டின் முழக்கம். "றேடியோ அலை கலக்குது, குஞ்சு," என்றார். அவள் நம்பினாள். அப்பா விலையைப் பற்றித்தான் பொய் சொல்வார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கிணற்றுக் கப்பியின் சத்தம்தான் முதலில் போனது. வருடக்கணக்காக எண்ணெய் காணாமல் அழுகிற கப்பி. குணலட்சுமி தண்ணீர் அள்ளினால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். ஒரு காலை அவள் அள்ளிக்கொண்டு நிற்பதைப் பஞ்சலிங்கம் கண்டார். கயிறு இறங்கியது, வாளி ஏறியது, கப்பி சுற்றியது. ஒரு சத்தமும் இல்லை. "எண்ணெய் விட்டனீரோ?" என்று கேட்டார். "ஆர் இப்ப கப்பிக்கு எண்ணெய் விடுகினம்?" என்றாள். அன்று பின்னேரம் இடது பெட்டிக்குள் அந்தக் கப்பி அழுதது. எங்கோ தூரத்தில், வெறும் வீட்டின் முற்றத்தில்.

பிறகு படலை. திறந்தால் கிரீச்சிடுகிற படலை, ஆட்கள் வந்து முற்றத்தில் நிற்கும்வரை தெரியாமல் திறந்தது. பிறகு நாய். குரைக்கிறபோது உடம்பு குலுங்கும், வாய் திறக்கும், அவ்வளவுதான். குணலட்சுமி அதன் தொண்டைக்கு வெங்காயப் பத்துப் போட்டுப் பார்த்தாள். நாய் எங்கே குரைக்கிறது என்று பஞ்சலிங்கத்துக்குத் தெரியும்.

"அப்பா, நான் பாடுறது அங்கையும் கேக்குது," என்றாள் கனகாம்பிகை ஒரு நாள், சிரித்துக்கொண்டு. ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினாள். இடது பெட்டியின் துணிக்குப் பின்னால், ஒரு இமை நேரம் பிந்தி, அதே சுரம் பெரிய மண்டபமொன்றில் எழும்பி அடங்கியது. அவளுக்கு அது பிடித்திருந்தது. கோயில் மண்டபத்திலை பாடுற மாதிரி இருக்கு என்றாள்.

அன்றைக்கே பஞ்சலிங்கம் வயர்களை அறுத்தார். மறுநாள் காலை சந்தையில் பழஞ்சாமான் வாங்குகிற இன்னாசித்தம்பியிடம் போனார்.

"இருநூற்றைம்பது," என்றார் இன்னாசித்தம்பி. "கறன்ற் இல்லாத ஊரிலை உதை வைச்சு நான் கோழி அடைக்கிறதோ?"

கொடுத்திருக்கலாம். சும்மாவே தூக்கிக் கொடுத்திருக்கலாம். உடைத்து அடுப்பில் வைத்திருக்கலாம். அல்லது புத்தளத்தில் அகதியாக ஓலைக் கொட்டிலில் இருக்கிறதாகச் சொல்லப்பட்ட மீரான் நானாவுக்கு, போகிற வருகிற ஆட்களிடம் ஒரு சொல் சொல்லி அனுப்பியிருக்கலாம். பஞ்சலிங்கம் சந்தையின் நடுவில் நின்று யோசித்தார். வாங்கின விலை முந்நூறு. ஐம்பது நட்டம்.

"முந்நூறு எண்டாத் தாறன்," என்றார்.

இன்னாசித்தம்பி வாயைத் திறந்து சிரித்தார். பஞ்சலிங்கம் வீட்டுக்குத் திரும்பினார்.

உத்தரத்துக்கு முதல்நாள். பொழுது படுகிற நேரம். ஜாம் போத்தல் விளக்கின் சின்னத் திரி மண்டபத்தில் ஒரு வட்டத்துக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தது. மூலையில் பெட்டி சேலைக்குள் இருந்தது. சைக்கிள் சுவரோடு சாத்தியிருந்தது, சில்லு அசையவில்லை. கனகாம்பிகை நாளைக்கு உடுக்கிற பாவாடையை மடியில் வைத்து மடித்துக்கொண்டு மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். குணலட்சுமி பூக் கட்டினாள். காற்றில்லை. பூ வாசனைக்கு அடியிலிருந்து, முதலில் சந்தேகமாக, பிறகு சந்தேகமில்லாமல், துருவும் அத்தரும் வந்தது.

டிக்.

சின்னச் சத்தம். வயர் ஒன்று உருவப்படுகிற சத்தம். பஞ்சலிங்கத்தின் பெருவிரல் மடியில் தானாகத் துடித்தது.

"நானா, இடப்பக்கம் பழுது."

சேலைக்குள்ளிருந்து வந்தது. தெளிவான குரல். நயமான குரல். பஞ்சலிங்கத்தின் குரல்.

குணலட்சுமியின் கை பூவில் நின்றது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. யாரோ பதில் சொல்வதற்கு வேண்டிய அளவு நேரம். பிறகு அதே குரல்: "எண்ணூறோ? இந்தப் பழசுக்கோ?" மறுபடி அந்த இடைவெளி. அந்த இடைவெளிக்குள் வெகு தூரத்தில் ஒரு குழந்தை அழுதது. "ஐந்நூறும் கூடத்தான். கூடக் கொண்டுபோனா வழியிலை பறிச்சுப்போடுவாங்கள், நானா. முந்நூறு."

இடைவெளி.

"சரி, நானா."

குணலட்சுமி திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "அண்டைக்கு... அவையள் வெளிக்கிட்ட அண்டைக்கோ?" என்றாள். "பாண் குடுத்திட்டு வாறனெண்டு போனனீங்கள்."

பஞ்சலிங்கம் விளக்கைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"நானா," என்றது பெட்டி.

குரல் இப்போது மண்டபத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"பிள்ளையின்ரை குரல் நல்லாயிருக்கு, நானா. என்ன சொல்லுறியள்?"

"ஆயிரம்," என்றார் பஞ்சலிங்கம்.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. விலை கேட்டால் விலை சொல்வது. மூன்று தலைமுறைப் பழக்கம். மனதுக்கு வேலையே இல்லை. வாய் தன்பாட்டில் பார்த்துக்கொள்ளும்.

"இல்லை. விக்கிறதுக்கில்லை," என்றார். எழுந்தார். "அது விக்கிறதுக்கில்லை."

"விலை சொன்னியளே, நானா."

சேலை மெல்ல வழுக்கி நிலத்தில் விழுந்தது. மண்ணிறத் துணி உள்ளே இழுபட்டு வெளியே வந்தது. மூச்சுப்போல.

"பிள்ளை, உள்ளை போ. உள்ளை போ எண்டுறன்."

கனகாம்பிகை போகவில்லை. பாவாடை மடியிலிருந்து சரிந்தது. எழுந்து நின்றாள்.

"போட்டுக் காட்டுங்கோ, பாப்பம்."

அவள் பாடினாள்.

அப்படி அவள் பாடியதே இல்லை. கண் பெற்றோரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது, வாய் பாடியது. கல்யாணி, மேலே, இன்னும் மேலே. வீட்டின் ஒவ்வொரு ஓட்டிலும் பட்டு இறங்கியது. அந்த உச்சியில், அவளுடைய கழுத்துக்குப் பின்னால் எங்கோ,

டிக்.

குரலில் பாதி போனது. ஒரு பக்கம் மட்டும் நின்றது. மெலிந்து. தட்டையாக. ஒற்றைக் கண்ணால் பார்ப்பதுபோல.

"நானா, இடப்பக்கம் பழுது."

"பொய்," என்று கத்தினார் பஞ்சலிங்கம். "நேற்றும் பாடினது."

சொன்னது யாருடைய சொல் என்று அவருக்குத் தெரிந்தது.

"எண்ணூறோ?" என்றது பெட்டி. அவர் எண்ணூறு சொல்லவேயில்லை. "ஐந்நூறும் கூடத்தான். கூடத் தந்தா வழியிலை பறிச்சுப்போடுவாங்கள், நானா."

குழந்தையின் அழுகை கிட்ட வந்தது. வெறும் வீட்டுக்குள் செருப்புகள் வாசலை நோக்கி நடந்தன. நாய் குரைத்தது. கப்பி அழுதது. படலை திறந்தது.

"முந்நூறு."

பேசக்கூடாது. எதைச் சொன்னாலும் அது பேரம். இனி ஒரு சொல்லும் கொடுக்கக்கூடாது. பஞ்சலிங்கம் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். பல்லைக் கடித்தார். வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பேசாமல் நின்றார்.

பேசாமல்.

அப்போதுதான் சந்தை வழக்கு நினைவு வந்தது. கையை எடுத்தார். வாயைத் திறந்தார்.

"சரி, நானா," என்றது பெட்டி.

கனகாம்பிகையின் வாய் இன்னும் திறந்திருந்தது. தொண்டை ஏறி இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. குணலட்சுமி ஓடிப்போய் அவளுடைய கன்னங்களைப் பிடித்து உலுக்கினாள். பிள்ளை அழுதாள், கண்ணீர் மட்டும் வந்தது.

இடது பெட்டிக்குள், வெகு தூரத்தில், சாமான் எல்லாம் எடுத்துவிட்ட பெரிய வீடொன்றின் நடுமண்டபத்தில், அவள் பாடிக்கொண்டிருந்தாள். யாரோ தம்ளரில் சீனி கலக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெட்டியின் மேல் மூன்று நூறு ரூபாய்த் தாள்கள் மடித்தபடி இருந்தன. நடுத்தாள் மூலை கிழிந்தது.

தொடக்கூடாது என்று பஞ்சலிங்கம் நினைத்தார். குணலட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தன்பாட்டில் போனது. விரல் நாக்கைத் தொட்டு ஈரம் எடுத்து, ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணியது.

முந்நூறு. சரியாக இருந்தது.